எல்லாம் விதிதானா? சோஃபோக்ளிஸ் கதை

ஏதென்ஸ் அருகே கொலோனஸ் என்ற ஊரில் கி.மு. 496 வாக்கில் பிறந்தவர் சோஃபோக்ளிஸ். கி.மு. 468-ல் நாடகப் போட்டியில் ஜாம்பவான் எஸ்கிலஸையே தோற்கடித்தார். 120-க்கும் மேல் எழுதினார். முழுசாகக் கிடைப்பது 7 தான். நடுவில் பெரிக்ளிஸோடு படைத்தளபதியாகவும் இருந்தார்.

இன்றும் அவர் பேரைச் சொல்ல வைப்பது 'ஈடிபஸ் மன்னன்'. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்பது தெய்வவாக்கு. தப்பிக்க ஓடியவன், ஓடிய வழியிலேயே மாட்டிக்கொள்கிறான். அப்போ எல்லாம் விதிதானா? இங்கேதான் சோஃபோக்ளிஸ் கில்லாடி. கொலையும் கல்யாணமும் எப்போதோ முடிந்துபோனவை. மேடையில் நடப்பது விசாரணை மட்டும்தான். விட்டுவிடும்படி மனைவி கெஞ்சியும் ஈடிபஸ் தோண்டித் துருவுகிறான். துன்பத்துக்கு அப்பல்லோவைக் கைகாட்டினாலும், கண்ணைக் குத்தியது தன் கைதான் என்று ஒப்புக்கொள்கிறான். இத்தனைக்கும் இதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை!

தொண்ணூறை நெருங்கும்போது மறுபடி ஈடிபஸை எழுதினார். இப்போது அவன் குருட்டுக் கிழவன். தெரியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று வாதாடுகிறான். அவன் கண்மூடும் இடம், சோஃபோக்ளிஸ் பிறந்த அதே கொலோனஸ். கி.மு. 406 வாக்கில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த நாடகத்தை கி.மு. 401-ல் மேடையேற்றியவர், தாத்தாவின் பெயரையே கொண்ட பேரன்.