சுகவீனத்தில் 50 வருஷம்

இருக்கிற வண்ணமாகவே ஆண்டவரிடம் வருகிறேன் என்று சொல்லும் அந்தப் பாட்டை அழைப்பு நேரத்தில் கண்ணீரோடு பாடுகிறோமே, அதை எழுதினது ஒரு வியாதிக்கார சகோதரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சார்லட் எலியட் அம்மையார் 1789-ல் இங்கிலாந்தில் பிறந்தார்கள். தாத்தா ஹென்றி வென் பேர்பெற்ற தேவ ஊழியர். வாலிபத்தில் இந்த அம்மா வேடிக்கைக் கவிதை எழுதிக்கொண்டு சந்தோஷமாய் இருந்தவர்கள்தான். 1821-ல், 32-ம் வயதில், கடும் வியாதி வந்தது. சரீரம் பழைய பெலத்துக்குத் திரும்பவே இல்லை.

மறுவருஷம் ஜெனீவா ஊழியர் சீசர் மாலன் வீட்டுக்கு வந்தார். ஆத்துமாவைப்பற்றி அவர் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு மனசு கேட்காமல், வர ஆசைதான், எப்படி வருகிறதென்று தெரியவில்லை என்றார்கள். இருக்கிறபடியே வரச் சொன்னார் மாலன்.

வருஷங்கள் போயின. பிரைட்டனில் போதகராயிருந்த தம்பி, ஏழை ஊழியர்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டப் பணம் சேர்த்தார். அதற்கான விற்பனை நாளில் வீட்டார் எல்லோரும் ஓடியாடி வேலை செய்ய, இவர்கள் மட்டும் சோபாவில் தனியே கிடந்தார்கள். ஒன்றுக்கும் உதவாமல் போனேனே என்று முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. அந்த நேரத்தில்தான் மாலன் சொன்னது நினைவுக்கு வந்து, பாட்டு பிறந்தது. 1836-ல் வியாதியஸ்தருக்கான பாட்டுப் புஸ்தகத்தில் அச்சானது.

பிரியமானவர்களே, சுகம் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்து விசுவாசம் பத்தலை என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் சுகமாக்குகிறவர், சந்தேகமே கிடையாது. ஆனால் பெதஸ்தாவில் 38 வருஷம் கிடந்தவனை எழுப்பினார். அதே மண்டபங்களில் கிடந்த மற்றவர்களைப்பற்றி யோவான் ஒன்றும் எழுதவில்லை. இந்த அம்மாவுக்கோ 50 வருஷம். இந்த 50 வருஷத்தில் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? நம்ம கணக்குல அது வீணாப்போன காலம். அவர் கணக்கு வேற. ஓடியாடினவர்களின் நாளிலே, படுத்திருந்தவர்களின் கையில் அல்லவா பாட்டைக் கொடுத்தார்!

தன் ஊழியம் முழுவதையும்விட அக்காவின் ஒரே பாட்டு அதிகம் செய்தது என்று தம்பியே எண்ணினாராம். அவர் கட்டின பள்ளி 2009-ல் மூடப்பட்டது. அம்மையார் 1871-ல், 82-ம் வயதில், பிரைட்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். 63 வருஷம் கழித்து, 1934-ல், அமெரிக்காவில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அழைப்புக்கு அந்தப் பாட்டைப் பாடினார்கள். அன்று எழுந்து முன்னே போன பள்ளிக்கூடப் பையன் பில்லி கிரகாம்.