சூறாவளித் துறவி

1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியை மட்டக்களப்பு வாவிக்கரை இன்னும் மறந்திலது. ஆதலின், சுவாமி விவேகானந்தருக்கு அமெரிக்காவிற் சூறாவளித் துறவி எனும் பெயர் வழங்கிற்று என வகுப்பிற் கூறும்போதெல்லாம், அழிப்பதன் பெயர் அருளாளர்க்குப் பொருந்துமோ என மாணவர் நம்மை வினவுவர்.

1863 இல் கல்கத்தாவிற் பிறந்த நரேந்திரநாதர் 1884 இல் தந்தையை இழந்தார். வறுமை வீட்டைச் சூழ்ந்தது. வேலை தேடி அலைந்தார். தாயையும் தம்பியரையும் காப்பதா, துறவு பூணுவதா என்னும் புயல் முதலில் அவருள்ளத்திலேயே வீசிற்று. குருநாதர் இராமகிருஷ்ணர் 1886 இல் மறைந்தபின் துறவியாகிப் பாரதமெங்கும் சுற்றினார். 1893 செப்டெம்பர் 11 இல் சிகாகோவிற் பேசியபின், ஊர் ஊராகச் சென்று ஓயாது சொற்பொழிவாற்றினார். அவ்வேகமே அப்பெயரை ஈந்தது. 1897 சனவரி 15 இல் கொழும்பில் இறங்கியவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் உரையாற்றினார். அவ்வாண்டு மே 1 இல் இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். 1902 யூலை 4 இல், 39 ஆம் வயதில், மறைந்தார்.

அவர் நம் வாவிக்கரைக்கு வந்தாரல்லர். எனினும், அம்மிஷனைச் சார்ந்த விபுலானந்த அடிகள் 1929 இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். 1978 இன் சூறாவளி கூரைகளைப் பறித்தது. இச்சூறாவளியோ பள்ளிக்குக் கூரை வேய்ந்தது. மாணவர் வினாவுக்கு நாம் தரும் விடை இதுவே.