லிண்ட்லி மரே

லிண்ட்லி மரே (1745 - பெப்ரவரி 16, 1826) அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கில இலக்கண ஆசிரியர் ஆவார். 1795 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல், 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பரவலாகப் பயன்பட்ட பாடநூலாகும். அடைப்புக்குறிகள் உள்ளிட்ட நிறுத்தக்குறிகளின் பயன்பாட்டைப் பல தலைமுறை மாணவர்கள் இந்நூல் வழியே கற்றனர்.

வாழ்க்கை

மரே பென்சில்வேனியாவில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ராபர்ட் மரே நியூயார்க்கின் பெரும் வணிகர். மன்ஹாட்டனின் மரே ஹில் பகுதி இக்குடும்பத்தின் பெயரைக் கொண்டது. தந்தை வணிகத்தையே விரும்பியபோதும் மரே சட்டம் பயின்றார். பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜே இவருடன் பயின்றவர். வழக்கறிஞராகவும் வணிகராகவும் பொருளீட்டிய மரே, தசைத் தளர்ச்சி நோயுற்றதால் 1784 இல் மனைவி ஹன்னாவுடன் இங்கிலாந்து சென்றார். யார்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். நடக்கும் ஆற்றல் படிப்படியாகக் குறைந்தது; இறுதி ஆண்டுகளை வீட்டினுள்ளேயே கழித்தார்.

இலக்கண நூல்

யார்க்கில் குவேக்கர்கள் நடத்திய பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க மரே இலக்கண நூலை எழுதினார். இதைத் தொடர்ந்து 1797 இல் பயிற்சி நூலும் 1799 இல் வாசிப்பு நூலும் வெளிவந்தன. நூல்களால் கிடைத்த வருவாயை அறப்பணிகளுக்கு அளித்தார்.

அடைப்புக்குறிகளும் விடுபாட்டுக்குறியும்

வாக்கியத்தின் இடையே வரும் பயனுள்ள குறிப்பைப் பிறை அடைப்பினுள் ( ) இடலாம் என்று மரே வகுத்தார். அக்குறிப்பு சிறியதாகவோ வாக்கியத்துடன் இயல்பாகப் பொருந்துவதாகவோ இருப்பின் அடைப்பு தேவையில்லை என்றும் வரையறுத்தார். பகர அடைப்பு [ ] விளக்கம் தரவும், விடுபட்ட சொல்லை நிரப்பவும், பிழையைத் திருத்தவும் உரியது. மேற்கோளினுள் பதிப்பாசிரியர் சேர்க்கும் சொற்களைப் பகர அடைப்பில் இடும் இன்றைய வழக்கமும் இதையொட்டியதே. எழுத்துகளோ சொற்களோ விடுபட்டதைக் காட்ட மரே கோட்டினைப் பயன்படுத்தினார். இன்று சொற்கள் விடுபட்டதைக் காட்ட மூன்று புள்ளிகள் (...) இடுவதே வழக்கம்.

மதிப்பீடு

தமது நூல் பெரும்பாலும் ஒரு தொகுப்பே என மரே குறிப்பிட்டார். ராபர்ட் லௌத் முதலிய முன்னோரின் கருத்துகள் இதில் மிகுதியாக உள்ளன. இதனைப் பின்வந்த அமெரிக்க இலக்கண ஆசிரியர் கூல்ட் பிரவுன் கடுமையாகக் குறைகூறினார். எனினும், சிதறிக் கிடந்த விதிகளைப் பள்ளி மாணவர்க்கு ஏற்ற ஒழுங்கில் அமைத்தமையே மரேயின் பங்களிப்பாகும்.