சட்டமன்றத்திலிருந்து மாநிலங்களவைக்கு: அறிஞர் அண்ணாவின் பொதுவாழ்வில் 1962

முன்னுரை

அறிஞர் அண்ணாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பலரும் 1949ஆம் ஆண்டையும் 1967ஆம் ஆண்டையும் இரு திருப்புமுனைகளாகக் கொள்வர். முன்னது கட்சி பிறந்த ஆண்டு. பின்னது ஆட்சி அமைந்த ஆண்டு. இவ்விரண்டிற்கும் இடையே அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த காலம் சில நாடாளுமன்ற உரைகளின் பெயரால் மட்டுமே நினைவுகூரப்படுகிறது. மாநிலச் சட்டமன்றத்தில் ஐந்தாண்டுகள் பணியாற்றிய ஒரு தலைவர் இந்திய ஒன்றியத்தின் மேலவைக்குச் சென்றது ஏன், அங்குச் சென்றதால் அவருடைய அரசியல் எவ்வாறு மாறியது என்னும் வினாக்களை முன்வைத்து அக்காலப் பகுதியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்தல் அரசியலை நோக்கி

காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழிலைச் சார்ந்த குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணா பிறந்தார். தொத்தா என அவர் அழைத்த இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். நீதிக் கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றதே அவருடைய முதல் தேர்தல் பட்டறிவு ஆகும். பெரியாரோடு இணைந்து இதழ்ப் பணியிலும் இயக்கப் பணியிலும் ஈடுபட்ட அவர், 1942இல் திராவிட நாடு என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். நீதிக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944ஆம் ஆண்டுச் சேலம் மாநாட்டில், தேர்தல் பதவிகளிலிருந்தும் அரசு அளித்த பட்டங்களிலிருந்தும் இயக்கம் விலகி நிற்க வேண்டும் என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

இத்தகையவர் தேர்தல் அரசியலுக்கு வந்தது படிப்படியாக நிகழ்ந்ததாகும். 1949 செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அது போட்டியிடவில்லை. 1956ஆம் ஆண்டு திருச்சி மாநில மாநாட்டில், தேர்தலில் ஈடுபடலாமா என்னும் வினா வந்திருந்தோர்முன் வைக்கப்பட்டு, வாக்கெடுப்பின் வழியே முடிவு காணப்பட்டது. தலைமையே முடிவெடுத்து அறிவிக்கும் வழக்கத்திலிருந்து விலகிய இச்செயல், அண்ணாவின் அரசியல் முறையைப் புரிந்துகொள்ள உதவும் சான்றாகும். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 15 பேர் சட்டமன்றத்திற்கும் இருவர் மக்களவைக்கும் தேர்வு பெற்றனர். காஞ்சிபுரம் தொகுதியில் வென்ற அண்ணா சட்டமன்றத்தில் கழக உறுப்பினர்களுக்குத் தலைமை ஏற்றார்.

1962ஆம் ஆண்டுத் தேர்தலும் எழுந்த நெருக்கடியும்

1962ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகள் கழகத்திற்கு முரண்பட்ட இரு செய்திகளைத் தந்தன. சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை 15இலிருந்து 50ஆக உயர்ந்தது. மக்களவையில் 7 இடங்கள் கிட்டின. ஆயினும் முன்னைய 15 உறுப்பினர்களுள் மு. கருணாநிதி ஒருவரைத் தவிர ஏனையோர் தோல்வியுற்றனர். காஞ்சிபுரத்தில் பேருந்து நிறுவன உரிமையாளரான எஸ். வி. நடேச முதலியாரிடம் அண்ணாவும் தோற்றார். படை பெருகியபோது படைத்தலைவர் களத்திற்கு வெளியே நிற்க நேர்ந்தது.

இந்நிலையில் கழகத்தின்முன் மூன்று வழிகள் இருந்தன. இடைத்தேர்தல் ஒன்றுக்காகக் காத்திருப்பது முதல் வழி. மாநிலச் சட்ட மேலவைக்குள் அவரை அனுப்புவது இரண்டாவது வழி. மாநிலங்களவைக்கு அவரை வேட்பாளராக்குவது மூன்றாவது வழி. மாநிலங்களவை உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவ அடிப்படையில், ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கின்றனர். 206 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அவையில் 50 உறுப்பினர்களின் வாக்கு ஒருவரை வெற்றி பெறச் செய்யப் போதுமானதாகும். காஞ்சிபுரம் வாக்காளர்கள் மறுத்த இடத்தை, தமிழகத்தின் பிற பகுதிகளில் கழகத்திற்கு வாக்களித்தோர் தம் பிரதிநிதிகள் வழியே அவருக்கு அளிக்கும் வாய்ப்பை அரசமைப்பே தந்திருந்தது. கழகம் இவ்வழியையே தேர்ந்தது.

இம்முடிவுக்கு எதிராகச் சொல்லத்தக்க காரணங்களும் வலுவானவையே. ஆண்டு ஒன்றுக்கு முன்னர்தான் ஈ. வெ. கி. சம்பத் கழகத்திலிருந்து பிரிந்து தமிழ்த் தேசியக் கட்சியைத் தோற்றுவித்திருந்தார். அத்தகைய சூழலில் தலைவர் தில்லிக்குச் செல்வது மாநிலத்தில் கட்சியைத் தளரச் செய்யக்கூடும். இதனினும் கடுமையான ஓர் இடர்ப்பாடு கொள்கை சார்ந்தது. ஒன்றியத்திலிருந்து பிரிந்த திராவிட நாட்டைக் கேட்கும் கட்சியின் தலைவர், அவ்வொன்றியத்தின் அவையில் உறுதிமொழி ஏற்று அமர்வது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பு. தோற்றவர் பின்வாசல் வழியே அவைக்குள் நுழைகிறார் என்னும் பழிக்கும் இடமிருந்தது.

ஆயின் மறுபக்கத்து நியாயங்கள் மேலோங்கின. சட்டமன்றத்தில் இரா. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பையும் மு. கருணாநிதி துணைத் தலைவர் பொறுப்பையும் ஏற்றமையால் மாநிலப் பணி தடைப்படவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கை அதுவரை பெரும்பாலும் தமிழில், தமிழர்முன் வைக்கப்பட்டது. வடநாட்டார் அதைச் செய்தித்தாள்களின் எதிர்மறைக் குறிப்புகளின் வழியே அறிந்தனர். அக்கோரிக்கையை மறுப்போரின் முகத்துக்கு நேரே நின்று, அவர்கள் அறிந்த மொழியில் எடுத்துரைக்க வல்லவர் கழகத்தில் அண்ணாவுக்கு நிகராக வேறொருவர் இல்லை. 1957இல் ஹோம்லாண்ட் என்னும் ஆங்கில இதழை அவர் தொடங்கியமை இத்தேவையை முன்னரே உணர்ந்திருந்தமைக்குச் சான்று. 1962 ஏப்ரலில் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

கன்னிப் பேச்சும் பிரிவினைத் தடைச் சட்டமும்

1962 மே 1ஆம் நாள், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது அண்ணா தம் முதல் உரையை நிகழ்த்தினார். திராவிட இனத்தவர் என்பதில் தாம் பெருமை கொள்வதாகவும், அப்பெருமை பிற மொழியினர்மீது பகை ஆகாது எனவும் விளக்கிய அவர், தன்னுரிமையைக் கோரினார். இந்தியா பாகிஸ்தான் பிரிவினையின்போது நேர்ந்த துயரங்கள் தென்னகம் பிரிவதால் நேரா என வாதிட்டார். அவையில் குறுக்கீடுகள் பல எழுந்தன. தமிழ் மேடையில் அடுக்குமொழிக்கும் மோனைக்கும் பெயர்பெற்ற அவர், இங்கு அவ்வணிகளைக் களைந்து, எடுத்துக்காட்டும் எதிர்வினாவும் மெல்லிய நகைச்சுவையும் கொண்ட ஆங்கில நடையைக் கையாண்டார். ஆர்த்தெழும் திரளை நோக்கிய பேச்சும் மாறுபடுவோரை இணங்கச் செய்யும் பேச்சும் வேறு வேறானவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே ஆண்டு விலைவாசி உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அண்ணா பிரிவினைப் பரப்புரையை நிறுத்திவைத்து, ஒன்றிய அரசின் போர் முயற்சிக்கு ஆதரவு அளித்தார். இதன் பின்னரும் அரசமைப்பின் பதினாறாம் திருத்தம் 1963 சனவரியில் நாடாளுமன்றத்தில் முன்மொழியப்பட்டது. சி. பி. இராமசாமி ஐயர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிய இத்திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர்களும் உறுப்பினர்களும் உறுதிகூற வேண்டும் எனக் கட்டளையிட்டது. மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசிய அண்ணா, நெருக்கடிக் காலத்தில் தாமே முன்வந்து ஒத்துழைத்த கட்சியை ஐயுற்றுச் சட்டம் இயற்றுவதன் தேவையை வினவினார்.

திருத்தம் நிறைவேறியது. பிரிவினையைக் கைக்கொண்டு தேர்தலைத் துறப்பதா, தேர்தலைக் கைக்கொண்டு பிரிவினையைத் துறப்பதா என்னும் நிலை உருவானது. 1963இல் கழகம் தன் குறிக்கோளைத் திருத்தியது. பிரிவினைக் கோரிக்கை கைவிடப்பட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்பது அண்ணாவின் நிலைப்பாடாக அமைந்தது. இம்மாற்றம் சட்டத்தின் கட்டாயத்தால் மட்டுமே நேர்ந்தது எனக் கருதுவோர் உளர். கட்டாயம் இருந்தது உண்மையே. எனினும் சட்டம் முன்மொழியப்படுவதற்கு முன்னரே பரப்புரை நிறுத்தப்பட்டமையும், கோரிக்கையை விட்ட பின்னர் அதன் காரணங்களை மாநில உரிமை என்னும் புதிய வடிவில் அவர் தொடர்ந்து வாதிட்டமையும் அக்கருத்து முழுமையானதன்று எனக் காட்டுகின்றன.

மொழியும் பெயரும்

அப்புதிய வடிவம் 1963ஆம் ஆண்டின் இரு விவாதங்களில் தெளிவாகத் தெரிகிறது. முதலாவது ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவு. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொணர்ந்த அவ்வரைவு, 1965 சனவரி 26க்குப் பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் எனக் கூறிற்று. தொடரலாம் என்பது இசைவு. தொடரும் என்பது உறுதி. இவ்விரு வினைகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் இந்தி பேசாத மக்களின் எதிர்காலம் அடங்கியிருப்பதை அண்ணா சுட்டிக்காட்டினார். அவருடைய திருத்தக் கருத்து ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில், அரசமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்தை அறிவித்தமைக்காகக் கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவையில் எடுபடாத வாதம் 1965இல் தெருவில் வெடித்ததை வரலாறு அறியும்.

இரண்டாவது, சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் முன்வரைவு. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா கொணர்ந்தது அது. இக்கோரிக்கை உள்ளிட்டவற்றுக்காக உண்ணாநோன்பிருந்து 1956இல் சங்கரலிங்கனார் உயிர் நீத்திருந்தார். அண்ணா இம்முன்வரைவை ஆதரித்துப் பேசுகையில் பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைச் சான்றாக முன்வைத்தார். பெயர் மாற்றத்தால் என்ன பயன் என வினவியபோது, நாடாளுமன்ற அவைகளுக்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் இந்திப் பெயர்கள் சூட்டியதால் விளைந்த பயன் யாதோ அதுவே எனும் பொருள்பட எதிர்வினா எழுப்பினார். இலக்கியச் சான்று அரசியல் உரிமைக்கான ஆவணமாக ஒன்றிய மேலவையில் பயன்பட்டது என்னும் வகையில் தமிழாய்வாளர் இவ்வுரையைத் தனித்துக் கருத வேண்டும். முன்வரைவு தோல்வியுற்றது. 1967 சூலை 18ஆம் நாள் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் அதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா சட்டமன்றத்திற்குப் போட்டியிடவில்லை. தென்சென்னைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போட்டியிட்டு வென்றார். தோல்வியால் நேர்ந்த இடமாக 1962இல் இருந்த தில்லி, ஐந்தாண்டுகளில் அவர் தாமே தேர்ந்த களமாகியிருந்தது என்பதை இது உணர்த்துகிறது. கழகம் ஆட்சி அமைக்கும் பெரும்பான்மை பெற்றமையால் அவர் மாநிலத்திற்குத் திரும்பி, மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சரானார். சட்ட மேலவை உறுப்பினரானார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார்.

மாநிலங்களவையில் அவர் எதிர்த்த சட்டங்கள் நிறைவேறின. ஆதரித்த முன்வரைவு வீழ்ந்தது. வாக்கெண்ணிக்கையை மட்டும் நோக்கின் அவ்வைந்தாண்டுகள் தோல்விகளின் தொகுப்பே. எனினும் பிரிவினை கேட்ட இயக்கம் கூட்டாட்சிக்குள் உரிமை கேட்கும் இயக்கமாக மாறிய தடம் அவ்வுரைகளில் பதிந்துள்ளது. காஞ்சிபுரத் தோல்விக்குப்பின் கழகம் அவரைத் தில்லிக்கு அனுப்பாதிருப்பின், அம்மாற்றம் மாநில மேடைகளில் பின்வாங்கலாக மட்டுமே தோன்றியிருக்கும். மாநிலங்களவையில் அது வாதமாக வளர்ந்தது. அவ்வாதமே 1967க்குப் பிந்தைய தமிழக அரசியலின் அடித்தளமாயிற்று.