இரண்டு நெகட்டிவ், ஒரு கடல்

போட்டோவை இணையத்தில் ஏற்றி, மேலே ஒரு மேகத்தையோ பழைய காகித டெக்ஸ்சரையோ லேயராகப் போட்டால் படமே மாறிப்போகிறது. செலவில்லாத வித்தை. இதற்கு ஒரு தாத்தா உண்டு. அவரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன்.

குஸ்தாவ் லெ கிரே. 1820-ல் பிரான்சில் பிறந்தவர். ஓவியம் பயின்று, பிறகு கேமராவைப் பிடித்தார். அன்று பலருக்கு நெகட்டிவ் என்றாலே காகிதம்தான். அதன் நார் அப்படியே பிரிண்டில் விழும். மருந்து ஏற்றும் முன்பே காகிதத்துக்கு மெழுகு ஏற்றும் முறையை 1851-ல் வெளியிட்டு, அதைக் குறைத்தார். நாம் தேடிப் போடும் டெக்ஸ்சரை அவர் விரட்டப் பாடுபட்டிருக்கிறார், பாருங்கள்!

அடுத்த தொல்லை வானம். அன்றைய ரசாயனம் நீல ஒளியை அதிகம் வாங்கும். கடல் தெளிவாக வந்தால் வானம் வெளுத்துப்போகும். என்ன செய்தார்? கடலுக்கு ஒரு கண்ணாடி நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொன்று. அடிவானத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். 1857-ல் சேத் கடற்கரையில் எடுத்த 'பேரலை' அப்படிப் பிறந்ததுதான்.

பேர் வந்தது; பணம் தங்கவில்லை. 1860-ல் ஸ்டூடியோ மூடியது. குடும்பத்தை விட்டு பாரிஸிலிருந்து கிளம்பியவர், கெய்ரோவில் டிராயிங் வாத்தியாராகி 1884-ல் அங்கேயே இறந்தார். 'பேரலை'யின் ஒரு பிரிண்ட் 1999-ல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது!

டூல் யாருக்கும் கிடைக்கும். மேகத்து வெளிச்சமும் அலை வெளிச்சமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கண்ணைத்தான் நாம் சம்பாதிக்கணும், தோழர்களே!