தோள் காத்த மருத்துவர்

உழைப்பவர்க்குத் தோள்வலிமையே பெருஞ்செல்வம். கடலூர்க் கரையில் வலை இழுக்கும் மீனவரும், சிதம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் சடுகுடு ஆடும் இளைஞரும் இதனை நன்கு அறிவர். தோள் ஒருமுறை மூட்டினின்று நழுவினால், பின்னர்க் கையை உயர்த்தும்போதெல்லாம் நழுவக்கூடும். இளமையில் நழுவிய தோளுக்கு இவ்விடர் மிகுதி. ஆட்டமும் தொழிலும் அத்துடன் தடைப்படும். இத்துன்பத்தின் காரணத்தை ஆராய்ந்து, அதனைக் களையும் வழி வகுத்தவர் ஆர்தர் சிட்னி பிளண்டல் பாங்கர்ட் என்னும் ஆங்கிலேயர்.

பாங்கர்ட் 1879-ஆம் ஆண்டில் எக்சிட்டர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் அறுவை மருத்துவரே. ரக்பிப் பள்ளியிலும் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலும் பயின்றபின், இலண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். எலும்பு மூட்டு மருத்துவம் தனித்துறையாக அரும்பிய காலம் அது. அத்துறையையே தமக்குரியதாகக் கொண்ட அவர், பின்னாளில் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொண்டாற்றினார்.

தோள்மூட்டின் அமைப்பு வியக்கத்தக்கது. மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது பொருந்தும் குழியோ ஆழமற்ற தட்டுப் போன்றது. அதனாலன்றோ கை எத்திசையும் சுழல்கிறது! எளிதில் சுழலும் மூட்டு எளிதில் நழுவுதலும் இயல்பே. ஆகவே, குழியின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்று அமைந்து, கட்டுநார்களோடு கூடிப் பந்தை நிலைநிறுத்துகிறது.

பண்டைக் கிரேக்க மருத்துவர், தோள் மீண்டும் நழுவாதிருக்க, அக்குளைக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர். பிற்காலத்தார் தளர்ந்த மூட்டுறையைச் சுருக்கித் தைத்தனர். பாங்கர்ட்டோ வேறு நெறியில் ஆராய்ந்தார். உறையின் தளர்ச்சியன்று, விளிம்பு வளையம் எலும்பினின்று கிழிந்து விலகுதலே முதற்காரணம் எனத் தெளிந்தார். அக்கிழிசலை அவருக்கு முன்னரே சிலர் கண்டிருந்தனர். எனினும், கிழிந்த பகுதியை எலும்பின் விளிம்பிலேயே மீண்டும் தைத்துப் பொருத்தும் முறையை நிலைநாட்டியவர் பாங்கர்ட்டே.

1923-ஆம் ஆண்டில் 4 நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். அம்மட்டில் அமைந்துவிடவில்லை. மேலும் 15 ஆண்டுகள் பொறுமையுடன் பணிபுரிந்து, 1938-இல் 27 பேரின் வரலாற்றை வெளியிட்டார். அவர்களுள் ஒருவர்க்கும் தோள் மீண்டும் நழுவவில்லை. தோள்கள் பலவற்றை உறுதிப்படுத்திய அப்பெரியார் 1951-இல் மறைந்தார்.

இன்று சிறு துளைகளின் வழியே நுண்கருவி செலுத்தி இவ்வறுவையைச் செய்கின்றனர். எல்லார்க்கும் அறுவை வேண்டுவதில்லை. பயிற்சியாலேயே நலம் பெறுவாரும் உளர். குழியின் எலும்பு மிகத் தேய்ந்தவர்க்கு வேறு முறைகள் உள்ளன. எது யார்க்குத் தக்கது என்பதை மருத்துவரே ஆராய்ந்து துணிவர்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985-ஆம் ஆண்டு தோன்றிய மருத்துவக் கல்லூரி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. எலும்பு மருத்துவம் பயில்வோர் எந்நாட்டினராயினும் பாங்கர்ட்டின் பெயரை அறியாதிரார். நோய்க்கு மருந்து தேடுமுன் நோயின் காரணத்தைத் தேடுதல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. தமிழ் அறியாத பாங்கர்ட்டும் அந்நெறியிலேயே நின்றார். அறிவுடையோர் எந்நாட்டில் பிறப்பினும், அவர் கண்ட உண்மை உலகிற்கெல்லாம் உரியதன்றோ!