மஞ்சள் வண்டியின் தந்தை ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு

நம்ம பக்கம் மண் அள்ளுற வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, ஜே.சி.பி. வந்துருச்சு என்றுதான் சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு சொல்வார்கள். அந்த மூன்று எழுத்தும் ஒரு மனிதரின் இனிஷியல் என்பது நம் மெக்கானிக்கல் பிரிவிலேயே பல பேருக்குத் தெரியாது. மலர்க் குழுத் தோழர்கள் ஒரு மாமனிதரைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது, விஞ்ஞானிகளை எல்லாம் விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1916 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர் மாவட்டத்து யூட்டாக்ஸிட்டர் என்ற சிறு ஊரில் பிறந்தார். விவசாயக் கருவிகள் செய்யும் குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் வேலை பார்த்துவிட்டுக் குடும்பக் கம்பெனிக்குத் திரும்பினார். அங்கே இவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. இவருக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று சொந்தச் சித்தப்பா பெரியப்பா வகையிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் அதோடு சோர்ந்து போயிருப்பார்!

1945 அக்டோபர் 23. மூத்த மகன் ஆண்டனி பிறந்த அதே நாளில் தனித் தொழில் தொடங்கினார். இடம், 12 அடிக்கு 15 அடி வாடகை ஷெட். முதலீடு, ஒரு பவுனுக்கு வாங்கிய பழைய வெல்டிங் செட். போரில் மிச்சப்பட்ட இரும்புச் சாமான்களை வைத்து அவர் செய்த முதல் பொருள் என்ன தெரியுமா? மண் தோண்டும் யந்திரம் இல்லை. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிப்பர் டிரெய்லர்! சந்தையில் 90 பவுன் விலை சொன்னார். 45 பவுனும் ஒரு ஓட்டை வண்டியும்தான் கிடைத்தது. அந்த ஓட்டை வண்டியைச் சரி பண்ணி இன்னொரு 45 பவுனுக்கு விற்றுவிட்டார். நம்ம ஊர் லேத் பட்டறை அண்ணன்மார் மாதிரியேதான்.

இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். லோடு ஏற்றுகிற யந்திரத்தை நினைப்பதற்கு முன்பே, லோடு வாங்குகிற வண்டியைத் தன் கையால் வெல்டு வைத்துச் செய்தவர் அவர்.

1948-ல் ஹைட்ராலிக் டிப்பிங் டிரெய்லர், 1949-ல் டிராக்டர் முன்னால் மாட்டும் லோடர் என்று வளர்ந்தார். நார்வே போனபோது டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ஒரு சின்ன தோண்டும் கருவியைப் பார்த்தார். முன்னால் லோடர், பின்னால் பேக்ஹோ என்று இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்து 1953-ல் வெளியிட்டார். செயின் போட்ட எக்ஸ்கவேட்டர் 1964-ல் வந்தது.

அதுவரை கம்பிவடம் இழுத்து ஓடின ஷவல்களில் கை பழக ரொம்ப நாள் ஆகும். ஹைட்ராலிக் வந்தபின் லீவரை லேசாகத் தள்ளினால் பூம் எழும்புகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கு. ரெண்டே நாள் பழக்கத்தில் ஒரு பையனை சீட்டில் உட்கார வைத்து லோடு ஏற்றச் சொல்லிவிடுகிறார்கள். டிப்ளமோ முடித்து குவாரிக்கும் ரோடு வேலைக்கும் போகப்போகிற நமக்கு இது வெளி விஷயம் இல்லை.

குவாரிகளில் நல்ல ஆபரேட்டர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் டிப்பர் டிரைவரின் பக்கத்திலிருந்து யோசிக்கிறார்கள். பக்கெட்டை டிரைவர் கேபினுக்கு மேலாகக் கொண்டு போகவே மாட்டார்கள். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் சுற்றிக் கொண்டுவருவார்கள். டிரைவர் இறங்கி, ஆபரேட்டர் கண்ணில் படுகிற தூரத்தில் நின்றால்தான் முதல் பக்கெட் எழும்பும். செயின் வண்டியில் ஆபரேட்டர் சீட் பூமுக்கு இடப்பக்கம் இருப்பதால் டிப்பரையும் இடப்பக்கமே நிறுத்தச் சொல்வார்கள். வலப்பக்கம் பூமே மறைத்துக்கொள்ளும். பின்பக்கமோ இன்னும் மோசம். வண்டி சுழலும்போது பின்னால் இருக்கும் எடைக்கட்டை வெளியே வீசும். அதற்கும் மண் மேட்டுக்கும் நடுவில் கிளீனர் பையன் நின்றால் நசுங்கிவிடுவான்.

முதல் பக்கெட்டில் பொடி மண். அதையும் தொட்டியின் தரைக்குப் பக்கத்தில் இறக்கித்தான் திறக்க வேண்டும். பாறாங்கல் எல்லாம் அந்த மெத்தைக்கு மேல்தான். எடை இரண்டு பக்கமும் சமமாக விழணும். ஒரு பக்கம் சாய்ந்த லோடு, கொட்டுகிற இடத்தில் தொட்டி தூக்கும்போது வண்டியையே கவிழ்த்துவிடும். ஒரு கன மீட்டர் காய்ந்த மண் சுமார் ஒன்றரை டன் என்றால் நனைந்தது இரண்டு டன்னைத் தொடும். மழை பெய்த மறுநாளும் அதே எண்ணிக்கை பக்கெட் போடுகிறவன் புதுசு என்று பார்த்த உடனே தெரிஞ்சிரும்! புதியவர்கள் பழக ஒரு நல்ல வழி உண்டு. டிப்பர் தொட்டி அளவுக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாமல் அதற்குள்ளே மண்ணை மெதுவாக வைத்துப் பழகலாம். வேகம் தானாக வரும்.

பாம்ஃபோர்டுக்கு சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனின் ஞாபகம் எப்போதும் இருந்தது. குளிரில் வேலை செய்கிறவன் டீ போட்டுக் குடிக்க கேபினுக்குள்ளே கெட்டில் மாட்ட பிளக் வைத்தார். ஒரு மாடலின் முதல் நூறு கெட்டில்களை அவரே நேரில் போய்க் கொடுத்தாராம். எத்தனை முதலாளி இப்படிச் செய்வார்? 1964-ல் லாபத்திலிருந்து இரண்டரை லட்சம் பவுனை போனஸாக, ஒரு வண்டி மேல் ஏறி நின்று தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். கடன் வாங்கித் தொழில் செய்வது அவருக்குப் பிடிக்காது.

1975-ல் பொறுப்பை மகன் ஆண்டனியிடம் ஒப்படைத்துவிட்டு சுவிட்சர்லாந்து பக்கம் போய் படகு வடிவமைப்பு, தோட்டம் என்று இருந்தார். நான்கு வருஷம் கழித்து, 1979-ல், ஹரியானாவின் பல்லப்கரில் கூட்டு முயற்சியாக அவர் பெயரில் தொழிற்சாலை தொடங்கியது. 2001 மார்ச் 1 அன்று, 84 வயதில், பாம்ஃபோர்டு காலமானார்.